நேபாளத்தில் தன்னார்வப் பணிக்குப் புறப்படும் மாணவருக்கு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் திருச்சியிலிருந்து கிளம்பி, நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்தில் மலைச்சரிவில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு வாரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பியபின் வகுப்பிலும் விடுதியிலும் பலர் என்னிடம் கேட்டது, எப்படிப் போவது, யாரிடம் விண்ணப்பிப்பது, எவ்வளவு செலவாகும் என்பவற்றைத்தான். அவற்றுக்கு விடை கீழே இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் போனதால் எனக்கு முதல் வாரம் முழுவதும் வீணாயிற்று.

முதல் நாள் எனக்கு நான்காம் வகுப்பு. பிள்ளைகளோடு பழகுவதற்கு ஆங்கிலத்தில் நிறங்களைச் சொல்லித் தொடங்கலாம் என்று சிவப்பு, பச்சை, மஞ்சள் அட்டைகளை ஊரிலேயே வெட்டி எடுத்துப் போயிருந்தேன். முதல் அட்டையைப் பையிலிருந்து முழுதாக எடுப்பதற்குள் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘ரெட்’ என்றது. பச்சைக்கும் அப்படியே. மூன்றாவது அட்டை வெளிவருவதற்குள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, தலை, தோள், முழங்கால் என்று வரிசையாகத் தொட்டுக் காட்டி, அடுத்து நீங்கள் பாடப்போவது இதைத்தானே என்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கு முன் அந்தப் பள்ளிக்கு வந்துபோன தன்னார்வலர்கள் எல்லாரும் நிறங்களில் தொடங்கி அந்தப் பாட்டில் முடித்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒருவர் எதுவரை நடத்தினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாததால், பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை முதல் பாடமே நடந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் கிளம்பிய மறுநாள் இந்த வேலை என்னவாகும்? நாடு, நிறுவனம், காலம் ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்த வேலைக்குப் போகலாம்

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் ஒருசேரக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில தோழர்களோடு பீகாருக்கு வந்து, கிராமங்களை மீண்டும் கட்டும் பணியில் இறங்கினார். முதல் உலகப் போரில் சிதைந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றில் 1920-இல் பல நாட்டவரைச் சேர்த்துத் தன்னார்வப் பணி முகாம் நடத்தியவர் அவர். அவர் பொறியாளர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கட்டுமானம் தெரிந்தவர் கட்டுமான வேலைக்கு வந்தார். வந்தவர் சில வாரங்களில் திரும்பிவிடவும் இல்லை. 1962 முதல் நேபாளத்துக்கு ஆட்களை அனுப்பிய அமெரிக்காவின் அமைதிப்படை (Peace Corps) என்ற தன்னார்வலர் அமைப்பிலும் பணிக்காலம் இரண்டு ஆண்டு. அதற்கு முன் ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் கற்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒரு கோடை விடுமுறை. அவர்கள் செய்ததை நாமும் செய்துவிடலாம் என்று நினைப்பது சரியன்று.

ஒரு விடுமுறைக்குள் அடங்கும் வேலைகளும் இருக்கின்றன. பள்ளி நூலகத்தில் குவிந்து கிடக்கும் புத்தகங்களைப் பிரித்து அட்டவணை போடலாம். பழுதான கணினிகளைச் சரிசெய்து, அதைச் செய்யும் முறையை ஆசிரியர் ஒருவருக்குச் சொல்லித்தரலாம். உள்ளூர் ஆசிரியருக்கு அருகில் அமர்ந்து பாட உபகரணம் தயாரிக்கலாம். சுவர் கட்டுவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் நம்மைக் கூப்பிட்டால் தயங்குவதே நல்லது. அந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடிய கொத்தனார் அந்த ஊரிலேயே இருப்பார். நமக்காகச் செலவாகும் பணம் அவருக்குக் கூலியாகப் போகலாம். 2015 ஏப்ரல் 25 அன்று ஏற்பட்ட 7.8 அளவிலான நிலநடுக்கத்தின் மையம் லம்ஜுங்குக்குப் பக்கத்திலுள்ள கோர்க்கா மாவட்டத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எழுப்பிய சுவர்களில் எந்த இடத்தில் கிடைமட்டக் கான்கிரீட் பட்டை வர வேண்டும் என்பது அங்குள்ள மேஸ்திரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அனாதை இல்லப் பணியைப் பற்றி மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன்: அதற்குப் போகாதீர்கள். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் படிக்கவைப்பதாக வாக்களித்த தரகர்களை நம்பி, தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர் பணமும் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினர். அப்படி வந்த பிள்ளைகள் பலர் காட்மாண்டு போன்ற இடங்களில் ‘அனாதைகள்’ ஆக்கப்பட்டனர். இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார் என்று யுனிசெஃப் பலமுறை எச்சரித்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் மாவட்டங்களிலேயே இல்லங்கள் குவிந்திருப்பது தற்செயலன்று. நாம் கொடுக்கும் நன்கொடையும் நாம் எடுக்கும் புகைப்படமும் அந்த இல்லத்தில் பிள்ளைகளை நிரப்பி வைப்பதற்கே காரணமாகிவிடுகின்றன. ஆஸ்திரேலியா 2018-இல் இயற்றிய நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டத்தை ஒட்டி இதை ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகவே பேசத் தொடங்கியது. அது மட்டுமன்று: ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய அண்ணனோ அக்காவோ வந்து பாசம் காட்டிவிட்டு மறைந்தால், அந்தக் குழந்தையின் மனம் என்ன பாடுபடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

நான் முதலில் அணுகிய ஒரு முகவர் நிறுவனம், கட்டணத்தின் முதல் தவணையைச் செலுத்தினால்தான் பள்ளியின் பெயரைச் சொல்வோம் என்றது. என்ன படித்திருக்கிறீர்கள், எந்தப் பாடம் நடத்துவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி-ஷர்ட் அளவை மட்டும் இரண்டு முறை கேட்டது. முன்பணத்தில் பாதி போனாலும் பரவாயில்லை என்று விலகினேன்.

அதற்குப் பிறகு, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவருக்குத் தெரிந்த சிறிய உள்ளூர் அமைப்பின் மூலம் போனேன். அவர்கள் முதல் மின்னஞ்சலிலேயே காவல்துறைச் சான்றிதழ் கேட்டார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தின் வழியாக விண்ணப்பித்துப் பெற வேண்டிய சான்று அது. ஏதோ குற்றவாளியைப்போல நடத்துகிறார்களே என்று எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. இப்போது நேர்மாறாக நினைக்கிறேன்: குழந்தைகள் இருக்கும் இடத்துக்குள் முன்பின் தெரியாத ஒருவரை விடுவதற்கு முன் எந்தச் சான்றும் கேட்காத அமைப்பைக் கண்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அவர்கள் கேட்டதைக் கொடுத்தபின் நீங்களும் கேளுங்கள். நான் செலுத்தும் பணத்தில் தங்கவைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு? இந்த வேலையை வேண்டும் என்று கேட்டது பள்ளியா, நீங்களா? எனக்கு முன் வந்தவர் என்ன செய்தார், அதை யார் தொடர்கிறார்? நான் யாருடைய மேற்பார்வையில் இருப்பேன்? கடைசி இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், பணத்தைப் பற்றிய பதில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். நான் தங்கிய வீட்டுக்கு மாதம் 15,000 நேபாள ரூபாய் நேரடியாகக் கொடுத்தேன்; நம் கணக்கில் 9,375 ரூபாய். சாப்பாடும் அதில் அடங்கிவிட்டது.

எப்போது, எந்த வழியாக

நேபாளத்தின் விக்கிரம நாட்காட்டியில் ஆண்டு பிறப்பது வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே. பள்ளிக் கல்வியாண்டும் அப்போதுதான் தொடங்குகிறது. நம் கல்லூரித் தேர்வுகள் முடியும் நேரமும் அதுவே என்பதால், ஏப்ரல் இறுதியில் போய் ஜூன் தொடக்கத்தில் திரும்புவது தமிழ்நாட்டு மாணவருக்கு எல்லா வகையிலும் பொருந்தும். அக்டோபர் வாக்கில் வரும் தசைன், திகார் பண்டிகைக் காலத்தில் பள்ளி பூட்டியிருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். மலைப்பாதைகளில் மண் சரியும். 2024 ஜூலையில் நாராயண்கட்–முக்லிங் சாலையில் இரண்டு பேருந்துகளை நிலச்சரிவு திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அதே சாலை வழியாகத்தான் நானும் போனேன். மழைக்காலத்தில் போக நேர்ந்தால் இரவுப் பேருந்தில் ஏறவேண்டாம்.

இந்தியருக்கு நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அது செல்லும். வாக்காளர் அட்டை இன்னும் வராத 18 வயது மாணவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்வதே நல்லது.

ரயிலில் போவதானால், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டைக் கடந்து கோரக்பூர் செல்லும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்குப் பேருந்து, ஜீப் இரண்டும் கிடைக்கும். எல்லை வளைவைக் கடந்ததும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். இது சின்ன விஷயம்தான். ஆனால் மாற்றாமல் விட்டதால் பைரஹவாவில் என் முதல் பேருந்து போய்விட்டது. அங்கிருந்து நாராயண்கட், முக்லிங், டும்ரே வழியாக லம்ஜுங்கின் தலைநகரான பெசிசஹர்.

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான விகிதம் 1993 முதல் இருந்துவருகிறது. அதைவிடக் குறைவாகக் கொடுப்பவரிடம் மாற்றத் தேவையில்லை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு 2018 டிசம்பரில் நேபாளம் தடை விதித்தது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்தில் சரிபார்த்துக்கொண்டு, எப்படியிருந்தாலும் கைச்செலவுக்கு 100 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கிராமத்துக் கடையில் ரொக்கம்தான் நடக்கும். உள்ளூர் சிம் கார்டு வாங்க அடையாள அட்டை நகலும் புகைப்படமும் தேவை. தடுப்பூசிகளைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். அதைப் பல தவணையாகப் போட வேண்டியிருக்கும்.

தங்கும் வீட்டில்

மொழிதான் பெரிய தடையாக இருக்கும் என்று பயந்தேன். இந்தியும் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இலக்கணத்தைவிட அழைக்கும் முறையே முதலில் உதவியது. அங்கேயும் வழியில் பார்ப்பவரை உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்: மூத்த பெண் ‘தீதி’, இளையவள் ‘பஹினி’, தம்பி ‘பாய்’. அண்ணனைக் குறிக்கும் சொல்லை நம் எழுத்தில் ‘தாய்’ என்றுதான் எழுத முடியும். என் நோட்டில் அப்படி எழுதி வைத்திருந்ததைப் பார்த்த அம்மா, பேருந்து நடத்துநரை ஏன் தாய் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. ‘திமி’ நெருங்கியவருக்கு, பெரியவருக்கும் புதியவருக்கும் ‘தபாயி’. ஆங்கிலம் மட்டுமே தெரிந்து வருபவர் தடுமாறும் இடம் இது. நமக்கு எளிதில் பிடிபடும்.

எச்சில் என்ற கருத்தும் அப்படியே. அங்கே அதன் பெயர் ‘ஜூட்டோ’. வாய்வைத்துக் குடித்த குவளையை நீட்டுவதோ, சாப்பிட்ட கையால் பொதுப் பாத்திரத்துக் கரண்டியைத் தொடுவதோ அங்கே பெரிய பிழை. என்னோடு தங்கியிருந்த ஐரோப்பிய மாணவர் ஒருவர் இதைப் பழக இரண்டு வாரம் ஆயிற்று. நான் அண்ணாந்து தண்ணீர் குடித்ததைப் பார்த்த வீட்டுப் பாட்டி, மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இது தெரியும் என்ற தைரியத்தில் மறுநாள் நேரே அடுப்படிக்குள் போய்விட்டேன், அது தவறு. சில வீடுகளில் வெளியார் சமையலறைக்குள் வருவதில்லை. கேட்டுவிட்டுப் போங்கள்.

சோறு, பருப்பு, காய், ஊறுகாய் எனக் காலை பத்து மணி அளவில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. காய்ந்த புளித்த கீரையான குந்த்ருக் போட்ட சாறு என் நாக்குக்குப் பழக மூன்று நாள் ஆயிற்று; இப்போது அதற்கு ஏங்குகிறேன். போதும் என்பதற்கு ‘புக்யோ’. கரண்டி தட்டுக்கு மேலே வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். விழுந்தபின் சொல்லிப் பயனில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

வகுப்பில்

நான் இருந்தபோது சனிக்கிழமை மட்டுமே விடுமுறை. ஞாயிறு பள்ளி உண்டு. முதல் வாரத் தோல்விக்குப் பிறகு கணக்கு ஆசிரியரிடம் போய், தனியாக வகுப்பெடுக்க விரும்பவில்லை, உங்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காருகிறேன் என்றேன். அவர் நிம்மதி அடைந்ததுபோல எனக்குத் தோன்றியது. நான் வந்திருக்கும் வரை அவர் தன் பாடவேளையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நான் போனபின் விட்ட பாடத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் வாரம் முழுவதும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் 400-இலிருந்து 237-ஐக் கழித்து 237 என்றோ 273 என்றோ எழுதினார்கள். நடுவில் பூஜ்ஜியம் வரும்போது யாரிடம் கடன் வாங்குவது என்பதில்தான் சிக்கல். பத்தின் இடத்திலும் ஒன்றும் இல்லையே என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அல்லது கீழிருந்து மேலே கழித்துவிடுகிறார்கள். கரும்பலகையில் எத்தனை முறை அடித்து எழுதிக் காட்டினாலும் அது வெறும் சடங்காகவே இருந்தது.

ஆசிரியரும் நானும் பள்ளிக்குப் பின்னாலிருந்த மூங்கிலைக் கீறி, விரல் நீளத்தில் ஆயிரம் குச்சிகள் தயாரித்தோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. நானூறு என்றால் நான்கு பெரிய கட்டு. அதிலிருந்து ஏழு குச்சி கொடு என்றால், ஒரு பெரிய கட்டைப் பிரித்துப் பத்துச் சிறு கட்டாக்கி, அதில் ஒன்றை மீண்டும் பிரித்தால்தான் ஒற்றைக் குச்சி கைக்கு வரும். பெரிய கட்டு மூன்று, சிறு கட்டு ஒன்பது, ஒற்றைக் குச்சி பத்து என்று பிள்ளைகள் தாமாகவே எண்ணிச் சொன்னார்கள். அதன்பின் 163 வரும்வரை கழிக்க அவர்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை. இந்த முறை என் கண்டுபிடிப்பன்று; நம்மூர்த் தொடக்கப் பள்ளிகளிலும் இப்படிக் குச்சிக்கட்டு வைத்துச் சொல்லித்தருவார்கள். என் பங்கு குச்சி சீவியதும், எந்தப் படியில் தடுமாறுகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததும்தான். வகுப்பை நடத்தியது ஆசிரியரே.

இன்னொன்றும் செய்தோம். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ஆசிரியர் அறை அலமாரியில் வைத்தோம். தன்னார்வலராக வருபவர் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எதுவரை வேலை செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதில் எழுத வேண்டும். அடுத்து வருபவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் நான் எழுதிய முதல் வரி: நிறங்களும் உடல் உறுப்புகளும் எல்லாருக்கும் தெரியும், தயவுசெய்து மீண்டும் நடத்த வேண்டாம். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

புகைப்படத்தில் கட்டுப்பாடு வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பள்ளியும் பெற்றோரும் அனுமதிக்காமல் இணையத்தில் போடக் கூடாது. நம் வீட்டுத் தம்பி தங்கையின் பள்ளிக்குள் ஒரு வெளிநாட்டவர் நுழைந்து படமெடுத்தால் நாம் சும்மா இருப்போமா? மிட்டாயோ பேனாவோ தனித்தனியாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதையும் தவிருங்கள். கொடுக்க விரும்புவதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

கிளம்பும்போதும் அதற்குப் பின்னும்

புறப்படும் தேதியைப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் வருவேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். கடைசி நாளில் ஒரு சிறுவன் அதைத்தான் கேட்டான். வர முடியுமா என்று தெரியவில்லை என்று நேபாளியில் சொல்லத் தெரியாமல் ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். மாணவர்களின் சமூக வலைத்தளக் கோரிக்கைகளை ஏற்காமல், தொடர்பை ஆசிரியரோடு மட்டும் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அனுப்புகிறேன் என்று சொன்னவற்றைத் திரும்பிய முதல் மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் நடக்காது.

ஆகஸ்டில் ஆசிரியரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மழையின் ஈரத்தில் ரப்பர் பேண்டுகள் எல்லாம் இற்று அறுந்துவிட்டனவாம்; பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கிக் கட்டுகளை மீண்டும் போட்டிருக்கிறார். அடுத்து பின்னம் தொடங்குகிறோம், அதற்கும் குச்சி உதவுமா என்று கேட்டிருந்தார். உதவாது, காகிதத்தை மடித்துப் பாருங்கள் என்று பதில் எழுதினேன்.